பஞ்சும் துணியும் பொலிமரும்: மலையகப் பெண்ணுக்கு ஏற்ற சுகாதாரத் துவாய் எது?

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தாய் மட்டும் வகுப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மகள் என்னிடம் தரம் 9 இல் தமிழ் படிக்கிறாள். பாடசாலை மாணவிகளுக்கு அரசாங்கம் கொடுத்த வவுச்சரில் வாங்கிய சுகாதாரத் துவாய்களில் சிலவற்றைத் தாயும் பாவித்துப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றிச் சொல்லத்தான் நின்றிருக்கிறார்.

"புள்ளைக்கு நல்லாருக்குங்க டீச்சர். ஸ்கூல்ல ஒக்காந்துதானே இருக்கு. எனக்குத்தான் சரிவரல. கூடையோட ஏறி எறங்கயில ஒரு பக்கமா ஒதுங்கிப் போகுது. மழையில நனைஞ்சா ஊதிக்கிது. தொடையெல்லாம் ஒரஞ்சி புண்ணு. பழையபடி துணிக்கே போயிட்டேன்."

ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? உடனே சுகாதாரப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டேன். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், ஈரமாக வைத்திருக்கக் கூடாது என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா மலையில மாத்திக்க எடம் எங்கங்க இருக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அறியாமையால் அவர் துணிக்குத் திரும்பவில்லை. பாவித்துப் பார்த்து, தன் வேலைக்கு அது பொருந்தவில்லை என்று கண்டுதான் திரும்பியிருக்கிறார். அப்படியானால் குறை பெண்ணிடம் இல்லை, பொருளின் அமைப்பிலும் அவள் வேலை செய்யும் இடத்திலும் இருக்கிறது. அந்தப் பொருள் எப்படி உருவானது, உள்ளே என்ன இருக்கிறது, மலையில் அது ஏன் தோற்கிறது, வேறு வழிகள் என்ன என்று தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வெட்கப்பட வேண்டிய விடயமா?

இலக்கியமும் ஆய்வும் வரும் ஏட்டில் இப்படியொரு கட்டுரையா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். நம் முன்னோர் சுளிக்கவில்லை. மார்க்கத்தை அறிந்துகொள்ள அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரழி) அவர்கள் பாராட்டியதை ஸஹீஹ் முஸ்லிமில் காணலாம். ஆடையில் மாதவிடாய் இரத்தம் பட்டால் என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். சுரண்டி, நீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அதே ஆடையில் தொழலாம் என்ற விடை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களுடைய செய்தி. அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இருக்கிறது. அவருக்கு நிற்காத உதிரப்போக்கு. நபியவர்களிடம் வந்து முறையிட்டார். பஞ்சு வைத்துக்கொள்ளுமாறு சொன்னார்கள். அதற்கும் அடங்காது என்றார். துணியை எடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதையும் மீறிப் பாய்கிறது என்றார். உறிஞ்சும் பொருள், அதன் மேல் இன்னொரு படை, நகராமல் ஒரு கட்டு: இன்றைய சுகாதாரத் துவாயை வடிவமைப்பவர் யோசிக்கும் மூன்று விடயங்களும் அந்த உரையாடலிலேயே வந்துவிடுகின்றன. அதன் முடிவுப் பகுதியைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

தமிழில் நாம் இதற்கு வைத்திருக்கும் சொற்களையும் பாருங்கள். தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு என்று எல்லாமே அவளை எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லும் சொற்கள். 'மாதவிடாய்' மட்டும் வேறு மாதிரி. விடாய் என்றால் களைப்பு, தாகம். அந்த ஒரு சொல்லில்தான் பெண்ணின் உடம்பு படும் பாடு தெரிகிறது.

போர்க்களத்திலிருந்து கடைத்தட்டுக்கு

இன்று நாம் 'பேட்' என்று சொல்லும் பொருளின் மூலப்பொருள் போர்க்களத்திலிருந்து வந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடப் பருத்திப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து 'செலுகொட்டன்' என்ற பொருளைச் செய்து கொடுத்தது. பருத்தியைவிட ஐந்து மடங்கு உறிஞ்சும், விலையும் குறைவு. களத்தில் இருந்த தாதியர் அதைத் தமது மாதவிடாய்க் காலத்துக்கும் பாவித்தார்கள். போர் முடிந்ததும் மிஞ்சிய சரக்கை என்ன செய்வது என்று யோசித்த நிறுவனம் 1920 அளவில் 'கொட்டெக்ஸ்' என்ற பெயரில் அதைப் பெண்களுக்கு விற்கத் தொடங்கியது. ஆக, இதன் முதல் கண்டுபிடிப்பாளர்கள் பெயர் தெரியாத அந்தத் தாதியர்தாம்.

அடுத்த சிக்கல், அதை எப்படி நகராமல் வைப்பது என்பது. ஐம்பது ஆண்டு காலம் இடுப்புப் பட்டிதான். மேரி கெனர் என்ற கறுப்பினப் பெண் 1950களில் மேம்பட்ட பட்டியொன்றை வடிவமைத்துக் காப்புரிமையும் பெற்றார். ஆர்வம் காட்டிய நிறுவனம் அவருடைய நிறத்தைக் கண்டதும் பின்வாங்கிவிட்டது. 1970 அளவில் ஒட்டும் பசை வைத்த துவாய் வந்து பட்டியை ஒழித்தது. பிறகு இரு பக்கமும் மடித்து ஒட்டும் சிறகுகள் வந்தன.

மூன்றாவது பெரிய மாற்றம் உள்ளே நடந்தது. நீரைப் பிடித்து வைத்திருக்கும் அதியுறிஞ்சுப் பொலிமரை 1960களில் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். வறண்ட மண்ணில் ஈரத்தைத் தேக்குவதுதான் அவர்களுடைய நோக்கம். 1978 இல் ஜப்பானில் அது சுகாதாரத் துவாய்க்குள் நுழைந்தது. தலையணை போல இருந்த துவாய் சில மில்லிமீற்றர் தடிப்புக்கு மெலிந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு துவாயைப் பிரித்துப் பார்த்தபோது

எங்கள் விஞ்ஞான ஆசிரியையுடன் சேர்ந்து, மாணவிகள் மட்டும் இருந்த ஒரு வகுப்பில் துவாயொன்றைக் கத்தரிக்கோலால் பிரித்தோம். ஆரம்பத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள்.

மேலே இருப்பது மேற்படை. தோலில் படுவது இதுதான். சிலவற்றில் துணி போன்ற நெய்யாத இழை, சிலவற்றில் நுண்துளை போட்ட பிளாஸ்டிக் படலம். அந்தத் துளைகள் புனல் வடிவானவை, மேலே அகலம், கீழே ஒடுக்கம். இறங்கியது எளிதில் திரும்பி ஏறாது. தோல் காய்ந்திருப்பதால் வசதி. ஆனால் வியர்வையில் பிளாஸ்டிக் படலம் ஒட்டி உரசும். பஞ்சு போன்ற மேற்படை மெதுவானது, ஈரம் கொஞ்சம் தங்கும். எது நல்லது என்பது அணிபவர் உட்கார்ந்திருக்கிறாரா, மலை ஏறுகிறாரா என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது, பரப்பும் படை. ஒரே இடத்தில் விழுவதை நீளவாக்கில் பரப்பிவிடும். இது இல்லாவிட்டால் நடுப்பகுதி நிரம்பி ஓரம் காய்ந்தபடி இருக்கும்போதே கசிந்துவிடும்.

மூன்றாவது, உள்ளகம். மரக்கூழ்ப் பஞ்சும் அதில் தூவிய வெள்ளைத் தூளும். அந்தத் தூள்தான் பொலிமர், பெரும்பாலும் சோடியம் பொலிஅக்ரிலேற்று. நான்காவது, கசிவைத் தடுக்கும் அடிப்படலம். நல்ல துவாய்களில் இது 'மூச்சு விடும்' படலம். பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகின்றன. நீராவி வெளியேறும், திரவம் வெளியேறாது.

உள்ளகத்தின் பஞ்சை உதிர்த்து ஒரு கிளாசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். சிறிது நேரத்தில் எல்லாம் கட்டியாகிவிட்டது. கிளாசைக் கவிழ்த்தாலும் ஒரு துளி விழவில்லை. பிறகு விஞ்ஞான ஆசிரியை இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினார். கட்டி தளர்ந்து தண்ணீர் பிரிந்து வந்தது. "ஆ!" என்றார்கள் பிள்ளைகள்.

காரணம் எளிமையானது. பொலிமர்ச் சங்கிலிக்குள் சோடியம் இருக்கிறது. வெளியே உள்ள நீரில் உப்புக் குறைவாக இருந்தால் நீர் உள்ளே பாய்ந்து சங்கிலிகளை விரிக்கிறது. வெளியிலும் உப்பு இருந்தால் அந்த இழுவிசை குறைகிறது. சுத்தமான நீரைத் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு பிடிக்கும் பொலிமர், உப்புக் கரைசலில் சில பத்து மடங்குதான் பிடிக்கும். நமது இரத்தத்தில் உப்பு இருக்கிறது. மாதவிடாய்த் திரவத்தில் ஏறத்தாழப் பாதிதான் இரத்தம், மீதி சளியும் இழையத் துணுக்குகளும். இவ்வளவு தடிப்பான, உப்புள்ள திரவத்துக்கான பொருளைத்தான் தொலைக்காட்சி விளம்பரத்தில் நீல நிறத் தண்ணீரை ஊற்றிக் காட்டுகிறார்கள்.

ஆய்வுகூடங்களிலும் நிலைமை அதிகம் வேறாக இருக்கவில்லை. உப்பு நீரைக் கொண்டே அளந்து வந்தார்கள். 2023 இல்தான் அமெரிக்காவின் ஒரேகன் சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 21 உற்பத்திகளை மனித இரத்தத்தைக் கொண்டு அளந்து முடிவை வெளியிட்டார்கள். அட்டையில் எழுதியிருந்த கொள்ளளவுக்கும் உண்மைக்கும் இடையே பல உற்பத்திகளில் வேறுபாடு இருந்தது. உறிஞ்சும் உள்ளாடை என்று விற்கப்படுவது இரண்டு மில்லிலீற்றர் அளவே பிடித்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு மாதத்தில் வெளியேறுவது சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர். 80ஐத் தாண்டினால் வைத்தியரிடம் போக வேண்டிய அளவு. அளவுகோலே பிழையாக இருந்தால் தனக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு பெண் எப்படிச் சொல்வாள்?

மலையில் ஏன் தோற்கிறது?

இப்போது அந்தத் தாயின் முறைப்பாடுகளுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கிடைத்தது.

"மழையில நனைஞ்சா ஊதிக்கிது." மழைநீரில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே பொலிமர் இரத்தத்தைவிட மழையைத்தான் ஆவலாகக் குடிக்கும். சேலையும் பாவாடையும் நனைந்து ஓரத்தால் ஈரம் ஏறினால், பெண்ணுக்காக வைத்திருந்த இடத்தையெல்லாம் வானம் எடுத்துக்கொள்கிறது. வட்டவளைப் பக்கமும் ஹற்றன் பக்கமும் ஆனி ஆடி மழையில் கொழுந்து பறிப்பவருக்கு இது மாதாமாதம் நடக்கும்.

"ஒரஞ்சி புண்ணு." மழைக்கும் செடிக்கும் தடுப்பாக இடுப்பில் படங்கு கட்டியிருப்பார்கள். மூச்சு விடும் அடிப்படலத்தால் நீராவி வெளியேற வேண்டுமானால் வெளியே காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். நனைந்த துணி, அதன் மேல் படங்கு. எங்கே போகும் ஆவி? அந்த நல்ல அம்சம் இங்கே பயனற்றுப் போகிறது. ஊறிய தோலில் துவாயின் ஓரம் உரசினால் புண்தான்.

"ஒதுங்கிப் போகுது." பசைக்கும் சிறகுக்கும் இறுக்கமான, காய்ந்த உள்ளாடை வேண்டும். அது இருக்கும் என்பது வடிவமைத்தவரின் எடுகோள். கயிறு கட்டித் துணி வைத்துப் பழகிய மூத்த பெண்களுக்கு, பசை வருவதற்கு முன்பிருந்த பட்டி வகைதான் பொருந்தியிருக்கும். செங்குத்தான மலையில் பாரத்தோடு கால் அகட்டி ஏறும்போது துவாய் முறுகுகிறது, அமுக்கப்படுகிறது. அமுக்கத்தின் கீழும் பிடித்ததை விடாமல் வைத்திருக்கும் ஆற்றலே உண்மையான அளவுகோல்.

இங்கேதான் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் அவர்களை நினைக்க வேண்டும். 1998 இல் மனைவி கந்தல் துணியை மறைத்து எடுத்துப் போவதைக் கண்டு, பஞ்சை வைத்துத் துவாய் செய்யப் புறப்பட்டவர் அவர். தோற்றது. அணிந்து சோதிக்க யாரும் முன்வராததால், கால்பந்தின் உட்பையில் ஆட்டு இரத்தத்தை நிரப்பி உடம்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். ஊரார் பைத்தியம் என்றார்கள். பெரிய நிறுவனங்களின் துவாயில் இருப்பது பருத்தி அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பிறகு கிராமப் பெண்களே இயக்கக்கூடிய, விலை குறைந்த இயந்திரத்தைச் செய்தார். 2016 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இயந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கால்பந்துப் பைதான். நடந்துகொண்டே, வேலை செய்துகொண்டே சோதித்தார் அல்லவா? கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு யாராவது சோதித்திருக்கிறார்களா?

துணி தாழ்ந்ததல்ல

துணி என்றாலே அழுக்கு என்று நாம் சொல்லிக்கொடுத்துவிட்டோம். நல்ல பருத்தித் துணி நன்றாக உறிஞ்சும், தோலை அறுக்காது, காசும் மிச்சம். ஆனால் இரண்டு விடயங்கள் மாறிவிட்டன.

ஒன்று, இன்று வீட்டில் கிழியும் சேலை பெரும்பாலும் பருத்தி அல்ல. நைலோனும் பொலியெஸ்டரும் நீரைக் குடிக்காது, இழைகளுக்கு இடையே வழியவிடும். பாட்டிக்குப் பழஞ்சேலை உதவியது போலப் பேத்திக்கு உதவாது. புதுப் பருத்தித் துணியும் கஞ்சி போக இரண்டு மூன்று முறை கழுவிய பிறகுதான் உறிஞ்சும்.

மற்றது காயப்போடுவது. லயத்து வீட்டில் கொடி எல்லோரும் பார்க்கும் இடத்தில். வெட்கத்தில் பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவார்கள். மூடுபனிக் காலத்தில் மேலே கிடக்கும் துணியே காயாது, அடியில் கிடப்பது எப்படிக் காயும்? அரைகுறையாகக் காய்ந்த துணியில் பூஞ்சணம் பிடிக்கும், அரிப்பும் புண்ணும் வரும்.

இதற்கும் வடிவமைப்பில் வழி இருக்கிறது. பல படைகளை ஒன்றாகத் தைத்த தடித்த துவாய் காய நாளாகும். மெல்லிய பருத்தித் துணியை மடித்து ஒரு உறைக்குள் செருகும் வகையாக இருந்தால், பிரித்து விரித்தால் கைக்குட்டை போல ஒற்றைப் படையாகிவிடும், சீக்கிரம் காயும். நிறமும் பூவும் போட்ட துணியாக இருந்தால் கொடியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உறையின் அடியில் கசியாத மெல்லிய படலம் வைத்துத் தைத்து, இடுப்புக் கயிற்றில் கட்டவும் உள்ளாடையில் பொத்தான் போடவும் இரண்டுக்கும் வசதி செய்யலாம். ஓரோவில்லில் 2010 முதல் 'ஈகோ ஃபெம்' அமைப்பு துணித் துவாய்களைச் செய்து வருகிறது. நமது நாட்டில் குருநாகலின் செலின் கைத்தறி நிறுவனமும் மீளப் பாவிக்கும் துவாய்களைச் செய்கிறது. கழுவும்போது குளிர்ந்த நீர்தான் வேண்டும், சுடுநீரில் கறை உறைந்துவிடும். வெயில் இல்லாத நாளில் காய்ந்த பிறகு சூடாக அயன் பண்ணி வைப்பது நல்லது.

கிண்ணமும் மற்றவையும்

சிலிக்கோன் கிண்ணம் உறிஞ்சுவதில்லை, ஏந்துகிறது. பன்னிரண்டு மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம், சரியாகப் பேணினால் பல ஆண்டுகள் வரும். மழை அதற்குள் போகாது, உரசாது. கொள்கையளவில் மலை வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் ஆலப்புழையில் 'திங்கள்' என்ற திட்டத்தின் கீழ் ஐயாயிரம் பெண்களுக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். ஆனால் பொருத்தும் முன் கையைக் கழுவ வேண்டும், மாதம் ஒருமுறை கொதிக்க வைக்க வேண்டும், பழகிக்கொள்ள இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். மணமாகாத பிள்ளைகளின் விடயத்தில் நம் குடும்பங்களுக்குத் தயக்கம் உண்டு. அதை நான் அதட்டிப் போக்கப் போவதில்லை. மணமான தாய்மார் குடும்ப நல மருத்துவ மாதுவிடமும் மார்க்கம் அறிந்தவர்களிடமும் கேட்டுத் தாமே முடிவெடுக்கட்டும்.

உள்ளே வைக்கும் பொருட்களில் அவதானம் வேண்டும் என்பதற்கு 1980ஆம் ஆண்டு ஒரு பாடம். அமெரிக்காவில் மிக அதிகமாக உறிஞ்சும் ஒரு வகை உட்செருகு பஞ்சுருளை நச்சு அதிர்ச்சி நோயோடு தொடர்புபட்டது. உயிர்கள் போயின, உற்பத்தி மீளப் பெறப்பட்டது. நீண்ட நேரம் வைத்திருக்கலாம் என்பது வசதி, அதுவே ஆபத்துமாகலாம். உறிஞ்சுதிறன் வேறு, பாதுகாப்பு வேறு. வாசனை போட்ட துவாய்களையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. வாசனை தோலை எரிச்சலாக்கலாம், வேறு பயன் இல்லை.

மரக்கூழுக்கும் மாற்றுத் தேடுகிறார்கள். அகமதாபாத்தில் வாழைநாரிலிருந்து துவாய் செய்கிறார்கள். 2023 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று சிசல் என்ற கற்றாழை வகையின் நாரிலிருந்து, சிற்றூரிலேயே செய்யக்கூடிய முறையில் உறிஞ்சும் பஞ்சைச் செய்து காட்டியது. வாழை நமக்குப் புதிதா?

கழுவி எறிவதா?

எங்கள் வீட்டில் உம்மா ஒன்றில் கண்டிப்பு. "கழுவாம எறியக்கூடாது மகள்" என்பா. பல முஸ்லிம் வீடுகளிலும் தமிழர் வீடுகளிலும் இதே பழக்கம். துணிக் காலத்தில் அது மிகச் சரி. பொலிமர் துவாயைக் கழுவினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கிளாசில் பார்த்தோம். ஊதி வெடித்து, கட்டி கட்டியாகக் கானை அடைக்கும். ஆடையைக் கழுவச் சொன்ன நபிமொழி, மீண்டும் அணிந்து தொழும் ஆடையைப் பற்றியது. எறியப்போகும் பொருளுக்கும் அது பொருந்துமா என்பதை ஆலிம்கள் வெளிப்படையாகப் பேசித் தெளிவுபடுத்தினால் பல கான்கள் தப்பும். பழைய கடதாசியில் சுற்றி மூடியுள்ள வாளியில் போடுவதே முறை. அடுப்பில் எரிப்பதும் நல்லதல்ல. பிளாஸ்டிக் இருக்கும் துவாயின் புகை ஒரே காம்பராவில் சமைத்துப் படுக்கும் குடும்பத்தின் நெஞ்சுக்குள் போகும்.

விலையும் வரியும்

2018 செப்டெம்பர் வரை இறக்குமதியாகும் சுகாதாரத் துவாய்க்கு இந்நாட்டில் இருந்த மொத்த வரி 101.2 வீதம். பொருளின் விலையைவிட வரி அதிகம். அம்மாதம் ஒரு வரியை நீக்கி 62.6 ஆக்கினார்கள். பொருளாதார நெருக்கடி வந்த 2022 இல் உள்ளூர் உற்பத்திக்கான மூலப்பொருட்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். 2024 இல், கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளையும் தோட்டப் பாடசாலைகளையும் சேர்ந்த எட்டு இலட்சம் மாணவிகளுக்கு 1,200 ரூபா வவுச்சர் வந்தது. நல்ல விடயம். எனது வகுப்பில் அதன் பலனைக் காண்கிறேன்.

ஆனால் கணக்குப் பாருங்கள். ஐந்து நாள், நாளுக்கு நான்கு என்றால் ஒருத்திக்கு மாதம் இருபது துவாய், பத்து உள்ள பக்கற்று இரண்டு. வீட்டில் தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் என்றால் ஆறு பக்கற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா. நிறை குறைந்தால் அரைப்பேர். மகளுக்கு வாங்கியதில் தாய் பங்கு கேட்கும் நிலை ஏன் வருகிறது என்று இனி நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கில் தாய்தான் எப்போதும் கடைசி.

என்ன செய்யலாம்?

மலை வேலைக்கு ஒரு துவாய் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தத் தாயிடமும் அவருடைய தோழிகள் சிலரிடமும் பிறகு கேட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே தருகிறேன்: தோலில் படுவது துணியாக இருக்க வேண்டும். ஓரம் மடித்துத் தைத்திருக்க வேண்டும். பின்பக்கம் நீளமாக இருக்க வேண்டும், குனிந்து நிமிரும் வேலை. கட்டவும் வேண்டும், ஒட்டவும் வேண்டும். மழை ஏறக் கூடாது. அடுப்பங்கரையில் ஒரு இரவில் காய வேண்டும். எந்தப் பொறியியலாளரும் இதைவிடத் தெளிவாக எழுதித் தரமாட்டார்.

ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தையல் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை, தையல் இயந்திரமும் துணிக் கடைகளும் நம்மவரிடம் இருக்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகங்கள், மகளிர் அமைப்புகள், ஸகாத் குழுக்கள் நோன்பு காலத்தில் பொதி கட்டும்போது பருத்தித் துண்டுத் துணிகளையும் ஒரு பக்கற்றுத் துவாயையும் சேர்க்கலாம். ஸகாத்துக்கு வெளியே ஸதகா என்ற விரிந்த வாசலும் இருக்கிறது, அது அயலவர் எவருக்கும் போகலாம். மாதிரித் துவாய் ஒன்றை நாமே தைத்து, மழைக் காலத்தில் கட்டிப் பார்க்கக் கொடுத்து, குறை கேட்டுத் திருத்தலாம்.

ஆனாலும் அந்தத் தாயின் கேள்வி இன்னும் நிற்கிறது. "மாத்திக்க மலையில எங்கங்க எடம்?" எவ்வளவு நல்ல துவாயும் அதற்குப் பதில் ஆகாது. மலைக்குப் பக்கத்தில் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு மறைவிடம் வேண்டும். கொழுந்து மடுவத்தில் நிறை போட வரும் நேரத்தில் அங்கே போய்வர நிறையில் கழிக்காத பத்து நிமிடம் வேண்டும். இது தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் ஒரு மேசையில் பேசி முடிக்கக்கூடிய காரியம்.

ஹம்னா (ரழி) அவர்களின் செய்தியில் நான் மிச்சம் வைத்த பகுதி இதுதான். பஞ்சும் போதவில்லை, துணியும் போதவில்லை என்றானபோது நபி (ஸல்) அவர்கள் அவரை இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்லவில்லை. நேரத்தை இலகுவாக்கினார்கள். ளுஹரைத் தாமதித்தும் அஸரை முற்படுத்தியும் ஒரு குளிப்போடு சேர்த்துத் தொழ வழிகாட்டினார்கள். உடம்புக்கு ஏற்பத் தொழுகையின் நேரத்துக்கே தளர்வு கிடைத்திருக்கிறது. கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் கிடைக்காதா?

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த பிறகு ஒரு நாள் அந்தத் தாயைப் பாடசாலை வாசலில் கண்டேன். வெட்டித் தைத்த ஒரு மாதிரித் துவாயைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். பிரித்துத் தடவிப் பார்த்தார். "பின்னால இன்னும் ரெண்டு வெரக்கடை நீட்டுங்க டீச்சர்" என்றார். நீட்டிக்கொண்டிருக்கிறேன்.